ஆளிருக்கும் வீடு

மர டிப்போவில் அவளைப் பெயின்ட் அக்கா என்று கூப்பிடுவார்கள். லாரியிலிருந்து இறங்கும் தடிகளில் எது சான்றிதழ் பெற்ற காட்டின் மரம், எது வேறு இடத்து மரம் என்று பிரித்து, சான்றிதழ் மரத்தின் வெட்டுமுகத்தில் பச்சைப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பது அவள் வேலை. இரண்டும் கலந்துவிடக் கூடாது. கலந்தால் டிப்போவின் பெயர் கெட்டுவிடும். கதவும் ஜன்னலும் செய்து கப்பலேற்றும் கம்பெனிகள் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அதற்காகவே கிடங்கின் இடது பாதியைக் கயிறு கட்டித் தனியாக விட்டிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே அவள் வைத்ததுதான் சட்டம். முதலாளியே கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா, இல்ல எனக்கும் கோடு போடுவியா?" என்று கிண்டலடிப்பார்.

மலைக்காட்டு லாரி வரும் நாளில் அவள் சீக்கிரமே வந்துவிடுவாள். அந்தத் தடிகளில் பாசி ஒட்டியிருக்கும். சிலவற்றில் ஈரம் காயாமல் பிசின் கசிந்துகொண்டிருக்கும். பெயின்ட் தொடுமுன் பட்டையில் உள்ளங்கையை வைத்து அப்படியே நிற்பாள். யாராவது பார்த்துவிட்டால், "ஈரம் பாக்குறேன்" என்பாள். அந்தக் காட்டில்தான் அவள் புருஷன் இருந்தான்.

அந்தக் காட்டில் சில டஜன் குடும்பங்கள் இருந்தன. எந்தச் சரிவில் எந்த வருடம் வெட்டலாம், எதை விதைக்கு விடவேண்டும், ஓடையோரம் எவ்வளவு தூரம் கோடரி படக்கூடாது என்று கூடிப் பேசி, திட்டம் போட்டு வெட்டுகிறவர்கள். அதற்காகத்தான் அவர்கள் காட்டுக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் நிலம் இன்னும் அவர்கள் பெயரில் இல்லை. தொடர்ந்து குடியிருந்து காட்டைப் பராமரிப்பவர்களுக்கு உரிமை தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்துப் பல வருடம் ஆகிவிட்டது. விசாரணை மட்டும் ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் ஒரே நிபந்தனை. பார்வையிட வரும்போது பூட்டிக் கிடக்கும் வீடு காலி வீடு. காலி வீட்டின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். அதனால் எந்த வீட்டிலும் ஒரு ஆளாவது இருந்தே ஆகவேண்டும். அவர்கள் வீட்டில் அந்த ஆள் அவன்.

மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம் டிப்போ இருக்கும் இந்த ஊரில்தான் இருந்தது. ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். "படிப்பு முடிஞ்சதும் வந்துடுறோம்" என்று ஜன்னல் வழியாக அவனிடம் சொன்னாள். படிப்பு முடிந்தது. மகள் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போய், அவள் தைத்த புத்தகம் பிரியாது என்று பெயரும் வாங்கிவிட்டாள். ஆனாலும் இந்த வருடம் போகட்டும், அடுத்த வருடம் பார்ப்போம் என்று நாள் ஓடியது. அவன் எப்போதாவது பக்கத்து வீட்டுக்காரரைத் தன் வீட்டில் உட்காரவைத்துவிட்டு வருவான். வந்த பஸ்ஸின் சூடு ஆறுமுன் திரும்பிவிடுவான்.

காட்டில் மேட்டு உச்சியில் மட்டும் போன் எடுக்கும். அதுவும் குரல் மட்டும்தான். முகம் பார்த்துப் பேச முயன்றால் படம் உறைந்து நின்றுவிடும். அவள் அவனோடு பேசும்போது மகள் எதிரில் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். போனை வைத்ததும் கைகள் கேட்கும், அப்பா என்ன சொன்னார்? மழை. காலில் முள் குத்தியது. உன்னை விசாரித்தார். அவ்வளவு நேரம் பேசியது மூன்று சைகையில் முடிந்துவிடும். மகளின் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சில நாள் அவளாகவே ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்வாள். வீட்டுக்குப் பின்னால் மான் வந்ததாம். உன் சின்ன வயதுச் சட்டையை எடுத்துப் பார்த்தாராம். மான் பொய். சட்டை உண்மையாகவும் இருக்கலாம்.

இப்படி இருக்கையில் காட்டுக்கு வில்லங்கம் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் தைலமரம் வளர்க்கும் கம்பெனி ஒன்று, ஓடைக்கு இந்தப் பக்கச் சரிவும் தங்களுடையதுதான் என்று மனுப் போட்டது. உரிமைத் தகராறு இருக்கும் நிலத்து மரத்துக்குச் சான்றிதழ் செல்லாது. டிப்போவுக்குச் சான்றிதழைச் சரிபார்க்கும் ஆடிட்டர் வந்தார். ஒல்லியான மனிதர். வருடா வருடம் வருகிறவர். மரத்தூள் அவருக்கு ஆகாது, வந்ததிலிருந்து போகும்வரை தும்மிக்கொண்டே இருப்பார்.

"மன்னிச்சுக்கோங்கக்கா" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. "விசாரணை முடியிறவரைக்கும் அந்தக் காட்டு மரத்துக்குக் கோடு போடக் கூடாது."

"வெட்டுன விதத்துல ஏதாவது தப்பா சார்?"

"வெட்டுறதுல ஒரு குறையும் இல்ல. நல்லா வெட்டுறது வேற, யாரோட நிலம்கிறது வேற. ரெண்டும் சரியா இருந்தாத்தான் சான்றிதழ்."

லாரி நின்றுபோனது. முதலாளி கயிற்றை அவிழ்த்து அந்த இடத்திலும் மற்ற மரத்தை அடுக்கச் சொன்னார். அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கிடங்கின் இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். அவள் அடித்தாள். கேட்டில் கை வைத்தால் கேட்டின் சூடுதான் இருந்தது.

அந்த வாரம் அவன் போன் செய்தான்.

"வெட்டுனதெல்லாம் ரோட்டோரமே கிடக்குது. விசாரணைக்கு அதிகாரி நேர்ல வர்றாராம். வீட்டுக்குரியவங்க எல்லாரும் இருக்கணுமாம்."

"நானும் வரணுமா?"

"வரணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு."

"நோட்டீஸ் இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

"சிக்னல் போகுது" என்றான். சிக்னல் போகவில்லை. அவன் மூச்சு விடுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

மகளுக்கு வேலை அவசரம் இருந்தது, கூட வரமுடியவில்லை. அம்மாவின் பையில் துணி அடுக்கிக் கொடுத்தாள். தனியாக இருந்துகொள்வாயா என்று அம்மா கேட்டதற்கு, நான் என்ன குழந்தையா என்று கைகளை உதறினாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: இந்த வீட்டைப் பூட்டலாம். பூட்டினாலும் யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.

பஸ்ஸில் போய், காலி லாரி ஒன்றில் தொற்றி ஏறி, கடைசி ஏற்றத்தை நடந்து கடந்தாள். அவள் கிளம்பிய காலத்தில் கைப்பிடிக்குள் அடங்கிய மரங்கள் இப்போது அண்ணாந்து பார்க்கவைத்தன. வழி நெடுக வெட்டிய அடிமரங்களில் இளந்தளிர் விட்டிருந்தது. நடக்க நடக்க அவளுக்குக் கண் கரித்தது; மேட்டில் ஏறுவதால் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் வாசலில் நின்றான். முன்நெற்றி ஏறியிருந்தது. காதுக்குப் பின்னால் எப்போதும் போல மரத்தில் குறி போடும் சாக்குக்கட்டியைச் செருகியிருந்தான். பையை வாங்கிக்கொண்டான்.

"டீ போடட்டா?" என்றான்.

"நான் போடுறேன். நீங்க உக்காருங்க."

அடுப்படிக்குள் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியாது. ஒன்றைத் திறந்தாள், உப்பு. இன்னொன்றைத் திறந்தாள், ஆணி. மூன்றாவதில் காய்ந்த விதைகள். தன் வீட்டில் தானே திருடியைப் போல மூடிகளைத் திறந்து திறந்து மூடினாள். அவன் வந்து ஒன்றும் சொல்லாமல் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவள் கைக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்துவிட்டு வெளியே போனான். தண்ணீர் கொதித்து வற்றும்வரை அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, காட்டுக் குடும்பங்கள் கூடிப் பேசும் வனக்குழுவின் கொட்டகையில் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். ஆடிட்டரும் ஓரமாக வந்து உட்கார்ந்திருந்தார். இந்தக் காற்றில் அவருக்குத் தும்மலே வரவில்லை. கம்பெனியின் வக்கீல் ஒவ்வொரு வீடாக எடுத்துப் பேசினார். அவர்கள் வீட்டின் முறை வந்தது.

"சார், இந்த வீட்டைப் பாருங்க" என்றார் வக்கீல். "மனைவி டவுன்ல. மகள் டவுன்ல. பள்ளிக்கூடம், வேலை, வாடகை வீடு எல்லாம் டவுன்ல. இங்க ஒருத்தர் மட்டும் இருக்கார். இதுக்குப் பேர் குடும்பமா? இது நிலத்துக்குப் போட்ட காவல். ஆள் இருக்குன்னு காட்டறதுக்கு ஒரு ஆளை நிறுத்தியிருக்காங்க, அவ்வளவுதான்."

அதிகாரி அவனைப் பார்த்தார். "உங்க மனைவி எங்க குடியிருக்காங்க?"

இங்கேதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் போடத் தயாராக இருந்தார்கள்.

"டவுன்ல" என்றான் அவன். "குழந்தைக்குக் காது கேக்காது. இங்க அதுக்குப் பள்ளிக்கூடம் இல்ல. நான் கூடப் போயிருந்தா வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டினா பேரை அடிச்சிடுவோம்னு நீங்கதான் சொன்னீங்க."

வக்கீல் உதட்டைச் சுழித்தார். "நான் சொன்னதையே அவரும் சொல்லிட்டார்."

அவள் எழுந்தாள். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுந்த பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது.

"காவல் போட்டதுதான் சார். நான் இல்லேங்கல. நானும் இவரும் சேர்ந்துதான் போட்டோம். அடுத்தவங்க வீட்டுக்கு யாரும் இத்தனை வருஷம் காவல் இருக்க மாட்டாங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என் மக அப்பாவோட சேர்ந்து சாப்பிட்ட வேளையை விரல் விட்டு எண்ணிடலாம். அவளுக்குப் போன்ல பேச முடியாது, இவருக்குப் போன்ல பாக்க முடியாது. இதெல்லாம் காட்டுக்காகத்தான்னு பேசிப் பேசி எங்களையே தேத்திக்கிட்டோம். குடும்பம் இல்லேன்னு சொல்றாரே, குடும்பம் இல்லாட்டி எதுக்கு சார் இது?"

அதிகாரி கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். "ஓடைக்குப் போவோம்" என்று எழுந்தார்.

எல்லோரும் சரிவில் இறங்கினார்கள். கம்பெனியின் எல்லைக்கற்கள் ஒவ்வொன்றும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தன. இந்தக் கரையில் ஒரு கல்கூட இல்லை. கற்கள் காணாமல் போயிருக்கலாம் என்றார் வக்கீல். "காணாமப் போனா எல்லாமா சேர்ந்து காணாமப் போகும்?" என்று அதிகாரி கேட்டார். நிலம் கேட்டு வந்த வக்கீலுக்கு ஷூவுக்குள் சேறு புகுந்ததுதான் மிச்சம் என்று பின்னால் யாரோ முணுமுணுக்க, குழுவின் தலைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கம்பெனியின் மனு எடுபடவில்லை. இதையே எழுதித் தடையை நீக்கப் பரிந்துரைப்பதாக ஆடிட்டர் சொன்னார். ஆனால் உரிமைப் பத்திரம் உடனே கையில் வரவில்லை. மழைக்குப் பிறகு கடைசியாக ஒருமுறை பார்வையிட வருவார்கள். அதுவரை பழைய நிபந்தனை அப்படியே இருக்கும். போகிற போக்கில் அதிகாரி அவளிடம் நின்றார்.

"ரெண்டு பேர் பேர்லயும் பத்திரம் குடுக்க வழி இருக்கும்மா. ஆனா நாங்க திரும்பி வரும்போது நீங்க இங்க குடியிருக்கணும். டவுன்ல இருந்து பஸ்ல வந்து நின்னா ஒத்துக்க முடியாது."

அவன் முகத்தில் வெளிச்சம் ஏறியதை அவள் பார்த்தாள். வீடு திரும்பும் வழியில் அவன் வாய் ஓயவில்லை. கூரைத் தகடு மாற்றிய கதை, கிழக்கு ஜன்னல், அவளுக்காக வாங்கிவைத்த நாற்காலி. அவள் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

"நான் இங்க இருக்கேன். நீங்க போங்க."

"எங்க?"

"அவகிட்ட."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் அதுவரை சொல்லாததைச் சொன்னாள். அச்சகத்துக்காரர் தூரத்து நகரத்தில் இன்னொரு அச்சகம் தொடங்குகிறார். பைண்டிங் பகுதியை மகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மழை முடிந்ததும் கிளம்புகிறாள். போனால் வருடத்துக்கு ஒருமுறைதான்.

"ஏன் போன்ல சொல்லல?"

"சிக்னல் போயிடுச்சு" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"நீ இப்பத்தான வந்த" என்றான் மெதுவாக. "இத்தனை வருஷம் கழிச்சு, நேத்துத்தான வந்த."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இந்த வாசல்ல உங்களோட உக்காரணும்னு எத்தனை நாள் நினைச்சிருப்பேன்." அவள் நிலத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள். "ஆனா நமக்கு இதுக்கப்புறமும் நாள் இருக்குது. அவ குழந்தையா இருந்ததும் வளந்ததும் எல்லாம் எனக்கே கிடைச்சிருச்சு. உங்களுக்கு மிச்சம் இருக்கிறது இந்த மழை மட்டும்தான். போய் அவகூட இருங்க."

அவன் குரல் சிறுத்திருந்தது.

"அவகிட்ட நான் என்னத்தைப் பேசுவேன்? அவ கையைப் படபடன்னு ஆட்டுவா, நான் முழிப்பேன். எனக்குத் தெரிஞ்சது நாலு. தண்ணி, பறவை, தூங்கு, வா. அதுவும் நானே கண்டுபிடிச்சது."

"அதெல்லாம் இன்னும் அவ வெச்சிருக்கா. வீட்டுக்குள்ள பறவைன்னா உங்க பறவைதான், பள்ளிக்கூடத்துப் பறவை இல்ல." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அவங்க பாஷையில ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேர் உண்டு, தெரியுமா? எழுத்து எழுத்தா காட்ட மாட்டாங்க. ஆளைப் பாத்து ஒரு சைகை வெச்சுடுவாங்க."

"எனக்குமா?"

அவள் ஆள்காட்டி விரலை மடக்கி, காதுக்குப் பின்னால் எதையோ செருகுவதுபோல் தொட்டுக் காட்டினாள். "ஆறு வயசுல வெச்ச பேரு. அவ பள்ளிக்கூடம் முழுக்க நீங்க இதுதான்."

அவன் கை தானாக எழுந்து காதுக்குப் பின்னாலிருந்த சாக்குக்கட்டியைத் தொட்டது. அதைக் கையில் எடுத்து, புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாட்டைப் பிடித்துக் கட்டுகிறவன் போல எழுந்து கொட்டில் பக்கம் போய்விட்டான். அவர்களிடம் மாடு கிடையாது.

நல்லவேளையாகத் தடை நீங்கி அடுத்த லாரி வர ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தை அவர்கள் சிக்கனமாகச் செலவழித்தார்கள். வெட்டப்போகும் சரிவைச் சுற்றிக் காட்டினான்; எந்த மரத்தை விடவேண்டும், ஏன் விடவேண்டும் என்று சொன்னான். இரவில் அவன் குறட்டை விட்டான். டவுனில் பக்கத்து வீட்டுக் குறட்டைக்கே எரிச்சல்படுகிறவள், தூங்காமல் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். சில வேளை இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கைகளால் பேசிப் பழகினார்கள். அவன் "சாப்பிட்டாயா" என்று கேட்க நினைத்து "கல்யாணமா" என்று கேட்டான். "ஆமா, ரொம்ப நாளாச்சு" என்று அவள் வாயால் பதில் சொன்னாள்.

லாரி வந்தது. ரோட்டோரம் கிடந்த தடிகளை ஏற்றினார்கள். அவன் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். இம்முறை ஜன்னலுக்கு வெளியே நின்றவள் அவள். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொள் என்று மட்டும் சொன்னான், மழை வரும்போலிருக்கிறது என்று.

லாரி திரும்பி மறைந்த பிறகு அவள் வீட்டுக்குள் வந்தாள். அவன் இல்லாத வெறுமை அங்கே முழுசாக இருந்தது. தேய்ந்த செருப்பு, சுவரில் அவன் முதுகு சாய்ந்து சாய்ந்து கறுத்த இடம். இத்தனை காலம் அவன் இந்த வீட்டில் கேட்ட சத்தங்களை அவள் முதல்முறையாகக் கேட்டாள். மரங்கள் ஒன்றோடொன்று உரசின. தகட்டில் சருகு விழுந்தது. டவுனில் இருந்தபோது அவனை நினைத்து ஏங்கினாள். இங்கே அவளுக்கு இரண்டு பேரை நினைத்து ஏங்க வேண்டியிருந்தது. தானே கேட்டு வாங்கியது, யாரைக் குறை சொல்ல? அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு, இருட்டுமுன் விறகை உள்ளே எடுத்துவைத்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. டிப்போவில் தடி உருட்டும் வேலை கிடைத்திருப்பதாக அவன் சொல்லி அனுப்பியிருந்தான். மழை விட்ட ஒரு மத்தியானம் அவள் வழுக்கும் பாதையில் மேட்டு உச்சிக்கு ஏறி, அவனைக் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. அவதான் செஞ்சா. நல்லாவே இல்ல. நல்லா இருக்குன்னு சொன்னேன். பொய் சொல்றேன்னு கண்டுபிடிச்சுட்டா, முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா எதைத்தான் மறைக்கிறது?" அவன் குரலில் அவள் இதுவரை கேட்காத ஒரு துள்ளல் இருந்தது. "இங்கதான் நிக்கிறா. உன்கூடப் பேசணுமாம்."

"பேசச் சொல்லுங்க."

போன் அமைதியானது. கவனித்துக் கேட்டால் அது வெறும் அமைதி இல்லை. சட்டைக் கை உரசும் சத்தம், உள்ளங்கை உள்ளங்கையில் பட்ட சத்தம், மகள் எதையோ அழுத்திச் சொல்லும்போது தொண்டையிலிருந்து வரும் சின்ன முனகல். ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவன் சிரித்தான். சத்தம் போட்டுச் சிரித்தான்.

"என்ன சொல்றா?" என்றாள் அவள்.

"இரு, இரு."

"என்னன்னு சொல்லுங்களேன்."

"இரும்மா. இன்னும் முடிக்கல."

கீழே காடு முழுவதும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிக்னல் போய்விடக் கூடாதே என்று அவள் அசையாமல் நின்று, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.